மூன்றாம் நம்பர் கட்டிலில் பதினான்கு நிமிடம்

அண்ணி வேலை நேரத்தில் கடையை விட்டு வெளியே வந்து நான் பார்த்ததில்லை. அந்தத் திங்கட்கிழமை பத்தே முக்காலுக்கு எங்கள் மருந்துக் கடையின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். கண்ணாடி துடைக்கிற மருந்துத் தண்ணீர் பாட்டில் இன்னும் கையில் இருந்தது. வரிசையில் நின்ற இரண்டு பேரைத் தாண்டி நேராக என் முன்னால் வந்து, பாட்டிலை மேஜைமேல் வைத்தாள்.

"மூணாம் நம்பர்ல ட்யூப் எல்லாம் புதுசு," என்றாள். "நான் பழைய நிமிஷத்தையே வச்சு ஒரு பொண்ணை அனுப்பிட்டேன்."

"எத்தனை வச்சீங்க?"

"பதினாலு. ஏழைத் தாண்டியிருக்கக் கூடாது."

அண்ணியை எனக்குப் பத்தொன்பது வருடமாகத் தெரியும். அழுது பார்த்திருக்கிறேன், கோபப்பட்டுப் பார்த்திருக்கிறேன். பயந்து பார்த்தது அன்றுதான்.

அவள் வேலை பார்த்த கடை எங்கள் தெருவிலேயே, நான்கு கடை தள்ளி இருந்தது. கறுக்க வைக்கும் கடை. உள்ளே நான்கு அறை, அறைக்கு ஒரு கட்டில். படுத்துத் தூங்குகிற கட்டில் இல்லை. கண்ணாடிப் பலகை, அதற்கடியில் வரிசையாக ட்யூப், மேலே ஒரு மூடி, மூடியிலும் வரிசையாக ட்யூப். ஆளைப் படுக்க வைத்து மூடியை இறக்கினால் வெயிலில் இருக்கிற அதே புற ஊதாக் கதிர் முன்னும் பின்னும் அடிக்கும். வெளிறின தோல்காரர்கள் காசு கொடுத்துக் கறுக்க வருவார்கள். என் கடையில் வெளுக்கிற கிரீம், நான்கு கடை தள்ளிக் கறுக்கிற கட்டில். இரண்டிலும் கூட்டத்துக்குக் குறைவில்லை. ஆண்டவன் கொடுத்த தோலோடு நிம்மதியாக இருப்பவர்கள் எந்தத் தெருவில் கடைக்குப் போகிறார்களோ, எனக்குத் தெரியாது.

அந்தக் கட்டிலில் ஒரு விஷயம் இருக்கிறது. ட்யூப் ஓட ஓட வலு குறையும். புதிதில் ஏழு நிமிடத்தில் செய்கிற வேலையைப் பழசான பிறகு பதின்மூன்று, பதினான்கு நிமிடத்தில்தான் செய்யும். அதனால் கட்டிலின் காலருகே சின்ன மீட்டர் ஒன்று, இத்தனை மணி, இத்தனை நிமிடம் எரிந்திருக்கிறது என்று காட்டும். ட்யூப் மாற்றினால் மீட்டரைப் பூஜ்யத்துக்குத் திருப்பி வைப்பார்கள். கடை திறக்கும் முன் ஒரு நோட்டோடு குனிந்து குனிந்து நான்கு மீட்டரையும் படிப்பது அண்ணியின் முதல் வேலை. படித்தபின் நிமிடக் கணக்கு முழுக்க அவள் தலையில் இருக்கும். யார் எத்தனையாவது தடவை, எந்தக் கட்டில், எத்தனை நிமிடம் என்று அட்டையைப் பார்க்காமல் சொல்வாள். ஒரு நிமிடம் கூட்டிக் கேட்டால் தரமாட்டாள். வாடிக்கைக்காரர்கள் அவளுக்கு வைத்த பெயர் 'நிமிஷ அக்கா'.

அன்று அந்த நிமிஷ அக்கா மீட்டரைப் படிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் வந்து மூன்றாம் நம்பரில் ட்யூப் முழுவதையும் மாற்றிவிட்டுப் போயிருந்தான். இந்த வாரம் ஒருநாள் வருவான் என்று முதலாளி சொல்லியிருந்தார், எந்த நாள் என்று சொல்லவில்லை. ஒன்பது இருபதுக்கு அந்தப் பெண் வந்தாள். கை பழக்கத்தில் நிமிடக் குமிழைப் பதினான்குக்குத் திருகி வைத்துவிட்டது. பத்தரைக்கு இன்னொருவருக்காகக் கண்ணாடியைத் துடைக்கக் குனிந்தபோதுதான் ட்யூப் முனைகள் கரி படியாமல் பளபளவென்று இருப்பதைக் கண்டாள். மீட்டரில் பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம், அப்புறம் பதினான்கு.

"இப்ப அவ எப்படி இருக்கா?"

"போகும்போது சிரிச்சிட்டே போனா. அதுதான் இதுல இருக்கற கெட்ட குணம். வெந்தது உடனே தெரியாது. நாலு மணி, அஞ்சு மணி நேரம் ஆகும்." அண்ணி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "கடலுக்குப் போறா. கூட்டாளிங்களோட நாலு நாள். 'பேஸ் போட்டாச்சு அக்கா, இனி பயமில்லாம படுத்துக் கிடக்கலாம்'னு சொல்லிட்டுப் போறா."

கடலுக்குப் போகும் முன் கொஞ்சம் கறுத்துக்கொண்டால் அப்புறம் வெயில் சுடாது என்று ஊர் முழுக்க ஒரு நம்பிக்கை உண்டு. அதற்குப் பேர் பேஸ். அண்ணியின் கடைச் சுவரிலேயே அப்படி ஒரு படம் மாட்டியிருந்தது. ஏற்கனவே வெந்த தோலை நடுப்பகல் மணலில் ஐந்து மணி நேரம் காயப் போடப் போகிறாள், அதுவும் தைரியமாக.

"யாரு பொண்ணு?" என்றேன்.

"பல் டாக்டர்கிட்ட வர்றவங்களுக்குச் சீட்டு எழுதறாளே, சிரிச்ச முகமா, இருபத்திரண்டு வயசு இருக்கும். மருந்து மாத்திரை எதுவும் எடுக்கலைன்னு எழுதிக் கொடுத்திருக்கா, அந்த மட்டுக்கும் நல்லது."

எனக்கு ஆள் தெரிந்துவிட்டது. அந்தச் சிரித்த முகத்தில் பருக்கள் இருந்தன. பருவுக்காக டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை மூன்று வாரத்துக்கு முன்னால் அவள் கையில் கொடுத்ததே நான்தான். போன வியாழக்கிழமை இரண்டாவது அட்டை. அதைத் தின்கிறவர்களுக்குத் தோல் வெயிலை இரண்டு மடங்கு வாங்கும். அட்டையில் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டித்தான் கொடுப்போம், கோடு போட்ட ஒரு சூரியன் படத்தோடு. ஆனால் யார் என்ன மாத்திரை தின்கிறார்கள் என்பதைக் கூடப் பிறந்தவர்களிடம்கூடச் சொல்லக் கூடாது என்பது எங்கள் தொழில். அண்ணியிடம் வாயைத் திறக்கவில்லை.

"போன் பண்ணீங்களா?"

"ஆறு தடவை. அடிக்குது, எடுக்கலை."

பல் கிளினிக்குக்கு நான் போன் போட்டேன். அவள் பத்தேகாலுக்கே பஸ் ஏறிவிட்டாள் என்றார்கள். கலங்கரை விளக்கத்துப் பக்கக் கடற்கரை. ஒன்றரை மணி நேரப் பயணம்.

அப்போதுதான் அண்ணி முதலாளிக்குப் போன் செய்தாள். சத்தமாகப் பேசுகிற மனுஷன், எனக்கும் கேட்டது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சிரித்தார்.

"கடலுக்குத்தானே போறா? ராத்திரி முதுகு எரிஞ்சா வெயில்ல கிடந்ததாலன்னு நெனச்சுக்குவா. யாருக்குத் தெரியப் போகுது? நீ பேசாம கடையைப் பாரு."

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பழியைச் சுமக்கச் சூரியனே தயாராக நின்றது. எந்தக் கோர்ட்டிலும் அது வந்து மறுக்கப் போவதில்லை. உண்மையைச் சொல்கிறேன், ஒரு நொடி எனக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. அண்ணிக்கு அந்த வேலை எவ்வளவு தேவை என்று எனக்குத் தெரியும்.

என் அண்ணன் கட்டடங்களின் மொட்டை மாடியில் தண்ணீர் ஒழுகாமல் தார் ஷீட் ஒட்டுகிறவன். இருபத்தைந்து வருடம் தலைக்கு மேல் வெயில், காலுக்குக் கீழே சூடு. இரண்டு வருடத்துக்கு முன்னால் அவன் இடது காது மடலில் ஆறாத புண் ஒன்று வந்தது. கறுப்புத் தோலுக்கு வெயில் ஒன்றும் செய்யாது என்று அவனும் நினைத்தான், நாங்களும் நினைத்தோம். வெயிலால் வந்த தோல் புற்று என்று சொல்லி, டாக்டர் மடலின் விளிம்பில் கட்டைவிரல் நகம் அளவுக்கு வெட்டி எடுத்தார். அன்றிலிருந்து அண்ணி வெயிலைப் படிக்க ஆரம்பித்தாள். அண்ணனுக்கு முழுக்கை சட்டை, கழுத்தை மறைக்கிற தொப்பி, பதினொன்றிலிருந்து மூன்று வரை மாடியில் நிற்கக் கூடாது, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கிரீம். கூட வேலை செய்பவர்கள், "மாப்பிள்ளை அலங்காரம் முடிஞ்சுதா?" என்று கேட்பார்களாம். அவன் பாதி நாள் வேலைக்குத்தான் போக முடிந்தது. அண்ணி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த சலவைக் கடையும் அந்தச் சமயம் பார்த்து மூடிவிட்டது. கிடைத்தது இந்தக் கட்டில் கடைதான்.

"கசாப்புக் கடைக்காரர் ஜீவகாருண்யம் பேசற மாதிரி இருக்கு அண்ணி," என்று நான் கேலி செய்தேன்.

"நான் இல்லைன்னா அங்க வேற ஒருத்தி நிப்பா. அவ நிமிஷம் பாக்க மாட்டா," என்றாள். அது நல்ல பதிலா, வயிற்றுக்காகச் சொன்ன பதிலா என்று எனக்கு இன்றுவரை தீரவில்லை. அவளுக்கும் தீரவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

முதலாளியின் போனை வைத்துவிட்டு அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"பதினொண்ணு இருபதுக்கு அடுத்த பஸ்."

"நானும் வர்றேன்," என்றேன்.

அவள் ஏன் என்று கேட்கவில்லை. எங்கள் கடைப் பெரியவரிடம் உள்ளே போய் மாத்திரை விஷயத்தை மட்டும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அந்தப் பொண்ணுகிட்ட மட்டும் சொல்லு, வேற யார்கிட்டயும் வேண்டாம். கிளம்பு," என்றார். அண்ணி மூன்றாம் நம்பரின் மெயின் சுவிட்சை அணைத்து, கடைக் கதவில் 'மூடியிருக்கிறது' பலகையைத் திருப்பிவிட்டு வந்தாள். வேலைக்குப் போடுகிற வெள்ளைக் கோட்டைக் கழற்றக்கூட இல்லை.

பஸ்ஸில் வெயில் விழுகிற பக்கம்தான் இடம் கிடைத்தது. அண்ணி ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள், அது பாதியிலேயே சிக்கிக்கொண்டது. அவள் போனை எடுத்து அழைப்பாள், காதில் வைத்திருப்பாள், இறக்குவாள். பிறகு விரல்விட்டு எண்ணுவாள்.

"பன்னிரண்டு மணிக்குள்ள போய்ச் சேந்திருப்பா. துணி மாத்திட்டு மணலுக்கு வரப் பன்னிரண்டரை. நாம இறங்கப் பன்னிரண்டு அம்பது."

"இருபது நிமிஷம்தானே அண்ணி."

"இந்த நேரத்து வெயில்ல இருபது நிமிஷம்னா என்னன்னு உனக்கு நான் சொல்லணுமா?"

அவளிடம் நான் சொல்ல வேண்டியது வேறு ஒன்று இருந்தது. அதைச் சொல்லாமல் இந்தக் கதையை இனி நகர்த்த முடியாது.

அவள் அன்று காலை மீட்டரை ஏன் படிக்கவில்லை? எட்டே முக்காலுக்கு, அவள் நோட்டோடு குனிகிற சமயத்தில், நான் போன் செய்தேன். என் மகள் பள்ளிக்கூட ஓட்டக்குழுவில் இருக்கிறாள். மைதானத்தில் ஓடி ஓடிக் கறுத்துப் போகிறாள், அடுத்த மாதம் சொந்தக்காரக் கல்யாணம் வருகிறது, அதுவரைக்கும் ஓட வேண்டாம், நீங்களும் அவளிடம் சொல்லுங்கள் என்றேன். அண்ணி சொன்னால்தான் மகள் கேட்பாள். அண்ணி மறுத்தாள். சாயந்திரம் வெயில் இறங்கினபின் ஓடட்டும், தொப்பி போடட்டும், கிரீம் போடட்டும், ஆனால் ஓட்டத்தை நிறுத்தாதே, கறுத்தால் என்ன என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"உங்க நிறத்துக்கு எல்லாம் ஒண்ணுதான் அண்ணி. எங்களுக்கு அப்படி இல்லை," என்றேன்.

பத்தொன்பது வருடத்துக்கு முன்னால், அண்ணனுக்கு அவளைப் பேசி முடித்த அன்று, "கரண்ட் இல்லாத நேரத்துல பொண்ணு பாத்தியாண்ணா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டவளும் நான்தான். அப்போது எனக்குப் பதினேழு வயது, வாய்க்கொழுப்பு. வீடே சிரித்தது. அவளும் சிரித்தாள். ஒரு நாளும் அதை எனக்கு நினைவுபடுத்தியதில்லை. இப்போது எனக்கு முப்பத்தாறு வயது, அதே வாய், அதே கொழுப்பு. அன்று காலை அதைச் சொன்னபின் போன் வெகுநேரம் திறந்தே இருந்தது. மூச்சு மட்டும் கேட்டது. அப்புறம் வைத்துவிட்டாள். நோட்டு கையிலேயே இருந்திருக்கும்.

"அண்ணி, காலையில நான் பேசினது..." என்று ஆரம்பித்தேன்.

"இப்ப வேண்டாம்," என்றாள்.

பாதி வழியில் முதலாளியின் போன் வந்தது. கடை பூட்டிக் கிடப்பதை யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"அடுத்த ஸ்டாப்ல இறங்கித் திரும்பி வா. இல்லைன்னா நாளையிலேர்ந்து வர வேண்டாம்."

"சரிங்க," என்றாள் அண்ணி.

பஸ் அடுத்த நிறுத்தத்தில் நின்றது. நான் அவள் முகத்தையே பார்த்தேன். நாலு பேர் இறங்கினார்கள், ஒருவர் ஏறினார். அவள் அசையவில்லை. கதவு மூடியதும் மறுபடி அந்தப் பெண்ணின் எண்ணை அழைத்தாள்.

இறங்கியபோது வெயில் உச்சந்தலையில் நின்றது. நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்கள், அங்கே மணல் முழுக்கப் படுத்துக் கிடந்தவர்களுக்கு அது தெரிந்த மாதிரி இல்லை. நூற்றுக்கணக்கான முதுகுகள். முகம் தெரிந்தால் தேடலாம், முதுகை வைத்து யாரைக் கண்டுபிடிப்பது? கலங்கரை விளக்கத்திலிருந்து கிழக்கே அண்ணி, மேற்கே நான் என்று பிரிந்து போகலாம் என்றேன்.

"வேண்டாம். எனக்குத்தான் அடையாளம் தெரியும். நட்சத்திரம் ஒட்டியிருந்தா."

அது அவர்கள் கடைப் பழக்கம். எவ்வளவு கறுத்திருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க உடம்பில் ஒரு சின்ன ஸ்டிக்கரை ஒட்டிக்கொண்டு கட்டிலில் படுப்பார்கள். உரித்தால் அந்த இடம் மட்டும் பழைய நிறத்தில் இருக்கும். சிலர் இதயம், சிலர் பூ. இந்தப் பெண்ணுக்கு வலது தோள்பட்டையில் நட்சத்திரம். எட்டாத இடம் என்பதால் ஒவ்வொரு தடவையும் அண்ணிதான் அதே இடத்தில் ஒட்டிவிடுவாள்.

மணல் செருப்பைத் தாண்டிச் சுட்டது. வெள்ளைக் கோட்டோடு ஒருத்தி ஒவ்வொரு முதுகாகக் குனிந்து பார்த்துக்கொண்டு போனால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள்? ஒரு ஆள் எழுந்து உட்கார்ந்து, "என்னம்மா தேடறீங்க?" என்று அதட்டினான். அண்ணி காதில் வாங்கவில்லை. ஒன்றே கால் ஆயிற்று. ஒன்றரை ஆயிற்று. எனக்குத் தலை சுற்றியது, தண்ணீர்கூட எடுத்து வரவில்லை. ஒருவேளை வேறு கடற்கரையோ என்று நான் நினைத்த நேரத்தில் அண்ணி நின்றாள்.

மூன்று பெண்கள் வரிசையாகத் துண்டு விரித்திருந்தார்கள். நடுவில் இருந்தவள் குப்புறப் படுத்து, காதில் பாட்டு மாட்டிக்கொண்டு தூங்கினாள். தோள்பட்டையில் நட்சத்திரம் தெரிந்தது. வெள்ளையாக. அதைச் சுற்றி முதுகு முழுவதும் செக்கச் செவேல் என்று இருந்தது. பக்கத்தில் இருந்த கூட்டாளி அவள் முதுகில் ஊற்ற எண்ணெய் பாட்டிலைத் திறந்து பிடித்திருந்தாள்.

அண்ணி ஓடிப்போய்க் கோட்டைக் கழற்றி அந்த முதுகுக்கு மேல் படாமல் நிழலாகப் பிடித்தாள்.

"எண்ணெயை வைம்மா. அதை ஊத்தாதே."

அந்தப் பெண் விழித்துத் திரும்பினாள். "அக்கா? நீங்க எங்க இங்க?"

"எழுந்து நிழலுக்கு வா. அப்புறம் சொல்றேன்."

"எதுக்கு? நான் நல்லாத்தானே இருக்கேன். லேசா காந்துது, அவ்வளவுதான்."

நான் ஒரு பொய்யாவது வரும் என்று நினைத்தேன். மெஷின் கோளாறு, மெக்கானிக் செய்த தப்பு என்று எதையாவது சொல்லலாம். அதில் பாதி உண்மையும் இருந்தது. அண்ணி மணலில் மண்டிபோட்டு, அவள் கண்ணைப் பார்த்துச் சொன்னாள்.

"காலையில நீ படுத்த கட்டில்ல ட்யூப் புதுசு. நான் தினமும் பாக்கற மீட்டரை இன்னைக்குப் பாக்கலை. ஏழு வைக்க வேண்டிய இடத்துல பதினாலு வச்சேன். தப்பு என்னோடது. உன் தோல் காலையிலேயே வெந்துடுச்சு, உனக்கு இன்னும் முழுசாத் தெரியலை."

"அதான் பேஸ் இருக்கே," என்றாள் எண்ணெய் பாட்டில்காரி.

"பேஸ்னு ஒண்ணு கிடையாதும்மா. தோல் கறுக்குதுன்னாலே அதுக்கு அடி விழுந்திருக்குன்னு அர்த்தம்."

"உங்க கடையிலதானே எழுதி மாட்டியிருக்கு?"

"ஆமா. நான் அப்படிச் சொன்னதில்லை. சொன்னவங்களை மறுத்ததும் இல்லை. அதுவும் என் தப்புதான்."

நான் குனிந்து அந்தப் பெண்ணின் காதருகே, அவளுக்கு மட்டும் கேட்கும்படி மாத்திரையைப் பற்றிச் சொன்னேன். அவள் முகம் அப்போதுதான் மாறியது.

"அதுல வெயில்னுதானே போட்டிருந்துச்சு? கட்டில்னு போடலையே. அதுவும் கடலுக்குப் போறோம்னு நேத்தே நிறுத்திட்டேன்."

"ஒரு நாள்ல அது உடம்பை விட்டுப் போகாது," என்றேன்.

தோளில் தானே விரலை அழுத்திப் பார்த்தாள். விரல் பட்ட இடம் வெளுத்து, உடனே சிவப்பு திரும்பியது. அவள் அழத் தொடங்கினாள்.

முதலுதவிக் கூடத்தில் குளிர்ந்த தண்ணீர்க் குழாய்க்குக் கீழே அரைமணி நேரம் நிறுத்தினார்கள். கூட்டாளி ஐஸ் வாங்கி வரப் போனாள், அண்ணி தடுத்தாள், வெந்த தோலில் ஐஸ் வைக்கக் கூடாது. பிறகு பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். டாக்டர் அம்மா முதுகைப் பார்த்தார், தொடையின் பின்பக்கத்தைப் பார்த்தார்.

"வெயில்ல எவ்வளவு நேரம் கிடந்தீங்க?"

"ஒரு மணி நேரம்," என்றாள் பெண்.

"ஒரு மணி நேரத்துல இவ்வளவு வராதே?"

அறையில் ஐந்து பேர் இருந்தோம். யாரும் அண்ணியைப் பார்க்கவில்லை. அவளே சொன்னாள், முதலிலிருந்து, நிமிடக் கணக்கோடு. டாக்டர் எழுதிக்கொண்டார். கடையின் பெயரையும் கேட்டு எழுதினார். எழுதி முடித்தபின், "இன்னும் மூணு மணி நேரம் அங்கேயே கிடந்திருந்தா இங்க படுக்கையில சேர்த்திருப்பேன், எத்தனை நாளைக்குன்னு சொல்ல முடியாது," என்றார். அந்தப் பெண் அண்ணிக்கு நன்றி சொல்லவில்லை. "என் லீவு போச்சு," என்று மட்டும் சொன்னாள். அவள் சொன்னதில் தப்பில்லை.

மறுநாள் அவள் முதுகில் கொப்புளம் கிளம்பியது. அண்ணி வீட்டுக்குப் பார்க்கப் போனாள். அம்மாக்காரி வாசலிலேயே நிறுத்திப் பத்து நிமிடம் திட்டினாள். அண்ணி நின்று கேட்டுவிட்டு வந்தாள். வேலை போய்விட்டது. ஒரு வாரம் கழித்து அதிகாரிகள் இரண்டு பேர் அந்தக் கடைக்கு வந்து நான்கு மீட்டரையும் குனிந்து படித்ததாகக் கேள்விப்பட்டேன். இப்போது அண்ணி ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் படுக்கை விரிப்பு மடிக்கிறாள், நின்றபடியே எட்டு மணி நேரம். ஒரு மாதம் ஆனபின் அந்தப் பெண் எங்கள் கடைக்கு வந்தாள். மாத்திரை வாங்கவில்லை. "உங்க அண்ணி சொல்லாம இருந்திருந்தா வெயில்னே நெனச்சிருப்பேன். எதுக்குச் சொன்னாங்க?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி ஆஸ்பத்திரியிலேயே எனக்குள் வந்து உட்கார்ந்திருந்தது.

கடற்கரைக்குப் போன அன்று சாயந்திரம், திரும்பி வரும் பஸ்ஸில் நான் மறுபடி ஆரம்பித்தேன். "அண்ணி, நான் போன் பண்ணலைன்னா நீங்க மீட்டரைப் பாத்திருப்பீங்க."

"போன் பண்ணினது நீ. பாக்காம விட்டது நான்."

"நான் சொன்ன வார்த்தை..."

"அது எனக்கும் உனக்கும்தான் தெரியும். நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், விடு," என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

யாருக்குத் தெரியப் போகுது? காலையில் முதலாளி கேட்ட அதே கேள்வி. இப்போது எனக்கு வசதியாக என் பக்கம் வந்து நின்றது. அண்ணி சொல்லமாட்டாள். பத்தொன்பது வருடம் சொல்லாதவள். வேலையை இழந்ததற்குச் சூரியன், ட்யூப், மெக்கானிக், முதலாளி என்று எத்தனையோ காரணம் ஊர் பேசும், என் பெயர் எதிலும் வராது.

வேலை போனதை வழியிலேயே மகளிடம் போனில் சொல்லிவிட்டு, அன்று அண்ணியை எங்கள் வீட்டுக்கே கூட்டி வந்தேன். என் மகள் அறை வாசலில் நின்று, "அத்தை, வேலை போயிடுச்சாமே? என்னாச்சு?" என்றாள். அண்ணி, "கவனிக்காம விட்டுட்டேன்மா," என்றாள்.

"இல்லை," என்றேன் நான். "காலையில அம்மா போன் பண்ணினேன். உன்னை ஓட விட வேண்டாம், நீ கறுத்துப் போறேன்னு சொன்னேன். அத்தை வேண்டாம்னாங்க. அதுக்கு அவங்க நிறத்தைச் சொல்லிப் பேசினேன். அந்த வருத்தத்துலதான் மீட்டரைப் பாக்கலை."

"என்னன்னு பேசினே?"

சொன்னேன். அதே வார்த்தைகளில். அப்புறம் பதினேழு வயதில் சொன்னதையும் சொன்னேன். அண்ணி என் கையைப் பிடித்து நிறுத்தப் பார்த்தாள், நான் நிறுத்தவில்லை. எனக்கு அழுகை வந்தது. மகளுக்கு வரவில்லை. என்னைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள். பிறகு தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நானும் அத்தை நிறம்தானேம்மா," என்றாள்.

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சாயந்திரம் ஐந்து மணிக்கு ஓட்டக் காலணியும் தொப்பியுமாக வந்து நின்றாள். கையில் அண்ணி கொடுத்த கிரீம் பாட்டில்.

"கழுத்துக்குப் பின்னால எட்டலை. போட்டு விடு."

போட்டுவிட்டேன். கழுத்து, தோள், பின்னங்கழுத்தில் முடி தொடங்குகிற இடம் வரைக்கும். கைக்குக் கீழே அவள் தோல் அண்ணியின் நிறத்தில் வெதுவெதுப்பாக இருந்தது. போதும் என்று மூடியைத் திருகினேன்.

"காது மடல்ல விட்டுட்டே," என்றாள். மறுபடி திறந்து, இரண்டு மடலிலும் தடவிவிட்டு அனுப்பினேன்.